டாக்கிங்கில் சர்க்கரை வேற இடத்துல போய் உட்காருது (ரோட்டா வைரஸ் வி.பி.8*, பி[11] ரகம்)

நைட்ஷிப்ட்_வேலூர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் வேலூர்ல ஒரு ரத்த வங்கியில டெக்னீஷியன். வேலை பார்த்துக்கிட்டே எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முடிக்கப் பார்க்கிறேன். புராஜெக்ட்டுக்கு ரோட்டா வைரஸ் எடுத்திருக்கேன். அதோட முள் புரதம் வி.பி.4. அதை டிரிப்சின் வெட்டினதும் வர்ற நுனித்துண்டுதான் வி.பி.8*. குடல் செல் மேல இருக்கிற சர்க்கரைச் சங்கிலியை முதல்ல போய்த் தொடுறது இந்தத் துண்டுதான்னு படிச்சேன். ரகம் ஜி10பி[11] (ஜி எண் வி.பி.7ங்கற மேலுறைப் புரதத்தை வெச்சு, பி எண் வி.பி.4ஐ வெச்சு). நம்ம வேலூர்ல பச்சிளங்குழந்தைகள்கிட்ட பார்த்த ரகம்ங்கறதால ஊர்ப்பாசத்துல எடுத்தேன், வேற பெரிய காரணம் இல்லை.

செஞ்சது இதுதான். ரீசஸ் குரங்கு ரகத்தோட 1கேகியூஆர் கட்டமைப்பை (புரதக் கட்டமைப்புத் தரவு வங்கியில அதோட எண்) அச்சா வெச்சு பி[11] வரிசைக்கு ஒரு மாடல் கட்டினேன். ஒரு மூலக்கூறு புரதத்துல எங்கே ஒட்டும்னு கணிக்கிற (டாக்கிங்) ஆட்டோடாக் வினா மென்பொருள்ல, தேடுற இடமா புரதம் முழுக்க அடங்குற மாதிரி பெட்டி போட்டு, தாய்ப்பால்ல இருக்கிற லாக்டோ-என்-டெட்ரோஸ்ங்கற சர்க்கரையை விட்டேன். முதல் இடம் வாங்கின போஸ் (சர்க்கரை உட்கார்ற நிலை) எல்லாம், கேலக்டின்ங்கற சர்க்கரை பிடிக்கிற புரதம் லாக்டோஸைப் பிடிக்கிற குழிவான பக்கத்துலயே போய் விழுது. கைடுகிட்ட காட்டினேன். "வி.பி.8*க்கு கேலக்டின் மடிப்பு, அங்கேதான் ஒட்டும், ரிசல்ட் பிரமாதம், எழுதி முடி"ன்னுட்டார்.

ஆனா படிச்ச கட்டுரைச் சுருக்கங்கள்ல எல்லாம் ஒட்டுற இடம் வேறன்னு போட்டிருக்கு. மடிப்பு ஒண்ணா இருந்தா வேலையும் ஒரே இடத்துலதானே நடக்கணும்? நான் டாக்கிங்கை நம்பறதா, கட்டுரையை நம்பறதா? வைவாவுல வெளியிலிருந்து வர்ற தேர்வாளர் கேட்டா முழிக்கக் கூடாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வினாவிடை_தம்பி:

எக்ஸாஸ்டிவ்னெஸ் (வினா எவ்வளவு அலசித் தேடணும்ங்கற அளவு) என்ன வெச்சீங்க? டீஃபால்ட் 8னா பத்தாது, 32 போடுங்க. பெட்டியைச் சின்னதாக்கி, கட்டுரையில சொன்ன பள்ளத்தை மட்டும் சுத்திப் போடுங்க. கரெக்டா உட்காரும்.

சத்துவாச்சாரி_ஃபேஸ்2:

பெட்டியைச் சுருக்கினா கரெக்டா உட்காரும்தான், ஏன்னா வேற இடமே நீ குடுக்கலையே தம்பி. விடையைப் பார்த்துட்டு வழிமுறை எழுதுற கதை அது. எக்ஸாஸ்டிவ்னெஸ் ஏத்துறது மட்டும் சரி.

கேட்ட பொண்ணுக்கு வர்றேன். நான் படிகவியல்ல கொஞ்ச காலம் குப்பை கொட்டினவன். இப்போ ராணிப்பேட்டை பக்கம் பாடம் எடுக்கிறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கம்மா.

ரிப்பன் படத்தைப் பார்த்து மயங்காதே. ரிப்பன்ல தெரியறது முதுகெலும்பு ஓடுற ஓட்டம் மட்டும்தான். சர்க்கரையைப் பிடிக்கிறது பக்கச் சங்கிலிகள், அதை ரிப்பன் காட்டாது. எங்க சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு வீடுங்க எல்லாம் ஒரே பிளான்ல கட்டினதுதான். ஒருத்தர் முன்வாசலைச் சுவர் வெச்சு அடைச்சுட்டு, ரெண்டு வீட்டுக்கு நடுவுல இருக்கிற சந்து வழியாப் போய் வருவார். பிளானை வெச்சுக்கிட்டு அவர் வீட்டு வாசலைத் தேடினா சுவர்லதான் முட்டிக்கணும். வி.பி.8* அந்த மாதிரி வீடு.

இது என் அபிப்பிராயம் இல்லை. 2002ல டார்மிட்சர், ஹாரிசன் குழு ரீசஸ் ரகத்தோட வி.பி.8* மையப்பகுதியை சியாலிக் அமிலத்தோட சேர்த்துப் படிகமாக்கி, எக்ஸ்-ரே அடிச்சுக் கட்டமைப்பு எடுத்தாங்க. நீ அச்சா வெச்ச அதே 1கேகியூஆர். ரெண்டு பீட்டா தகடு எதிரெதிரா ஒண்ணு மேல ஒண்ணு உட்கார்ந்த சாண்ட்விச், கேலக்டின் குடும்பத்து மடிப்பு. கேலக்டின்கள் சர்க்கரையைப் பிடிக்கிற முகம் எதுவோ, வி.பி.8*ல அதுக்கு நேரான முகம் அடைபட்டிருக்கு. சியாலிக் அமிலம் உட்கார்ந்தது ரெண்டு தகட்டுக்கும் நடுவுல ஓடுற ஆழமில்லாத பள்ளத்துல. உன் கைடுக்கு பதில் அந்தக் கட்டுரைச் சுருக்கத்துலயே இருக்கு, பிரிண்ட் எடுத்துக் கையில குடு.

அதே கட்டுரையில இன்னொரு யோசனையும் உண்டு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. சவ்வைத் துளைக்கிற வேலை பார்த்துக்கிட்டிருந்த ஒரு வைரஸ் புரதத்துக்குள்ள, ஏதோ ஒரு உயிரியோட சர்க்கரை பிடிக்கிற டொமைன் (புரதத்தோட தனிப்பகுதி) எப்பவோ சொருகிக்கிட்டு வி.பி.4 உண்டாயிருக்கலாம்ங்கறாங்க. அதாவது நம்ம மாதிரி ஓம்புயிர்கிட்டேயே கடன் வாங்கின சாமான்.

சரி, நீயே கண்ணால பாரு. கேலக்டின்-3 கட்டமைப்பு 1ஏ3கே தரவு வங்கியில இருக்கு, சர்க்கரையோடவே இருக்கு. அதையும் உன் வி.பி.8*ஐயும் ஒண்ணு மேல ஒண்ணு பொருத்து. கேலக்டின்-3ல டிரிப்டோஃபான் 181 கேலக்டோஸ் வளையத்துக்கு அடியில தட்டையாப் படுத்திருக்கும். சுத்தி ஹிஸ்டிடின் 158, அஸ்பராஜின் 160, ஆர்ஜினின் 162, அஸ்பராஜின் 174, குளுட்டமேட் 184 நின்னு ஹைட்ரஜன் பிணைப்பு போடும். இந்த ஆறையும் ஒரு பேப்பர்ல எழுதி, எதிர்ல வி.பி.8*ல என்ன இருக்குன்னு பென்சில்ல நிரப்பு. கம்ப்யூட்டர் பண்ணிடும்தான், ஆனா கையில எழுதினாத்தான் வைவாவுல வாயில வரும்.

அப்புறம் 1கேகியூஆர் பக்கம் வா. ஆர்ஜினின் 101, டைரோசின் 188, டைரோசின் 189, செரின் 190. இதெல்லாம் பள்ளத்தோரம் நிக்கிற ஆளுங்க. சியாலிக் அமிலத்தை நம்பி வாழுற ரகங்கள்ல இவங்க மாறாம இருப்பாங்க. உன் பி[11] வரிசையில அந்த எண்களுக்கு நேர் என்ன இருக்குன்னு பார்த்தியா? பார்த்திருந்தா, குரங்கு ரகத்தை அச்சா வெச்சதுலயே சந்தேகம் வந்திருக்கும். மாடல் கட்டும்போது முதுகெலும்பு ஓரளவு சரியா வரும். பக்கச் சங்கிலி, அதுவும் பள்ளத்தோரத்துல, பாதி யூகம்தான். நீ தேடுறதோ அந்த ஓரத்துலதான்.

டாக்கிங் ஏன் அங்க போச்சு? வினாவோட மதிப்பெண் முறை நல்லாப் புதைஞ்சு உட்கார்ற போஸுக்குத் தாராளமா மார்க் போடும். மருந்து மாதிரி சின்ன, விறைப்பான மூலக்கூறுக்கு அது ஒத்து வரும். உன்னுது நாலு வளையம், ஒவ்வொரு இணைப்புலயும் ரெண்டு திருப்பம், சுத்தி ஹைட்ராக்சில். நிஜப் பள்ளமோ ஆழமில்லாதது. சர்க்கரை இணைப்போட கோணத்துக்கு ஆகிற செலவைக் கணக்குல சேர்க்க வினா-கார்ப்னு ஒண்ணு இருக்கு, அதையும் ஓட்டிப் பாரு.

எண்ணையும் மனசுல வை. ரீசஸ் வி.பி.8* சியாலிக் அமிலத்தைப் பிடிக்கிற பிடி 1.2 மில்லிமோலார்னு அளந்திருக்காங்க. நானோமோலார் இல்லை, மைக்ரோமோலார்கூட இல்லை; இந்த எண் கூடக் கூடப் பிடி தளர்வு. தனியாப் பார்த்தா பிடியே இல்லாத பிடி. ஆனா வைரஸ் மேல 60 முள், முள்ளுக்கு மூணு வி.பி.4. ஒரே நேரத்துல பல நுனி பல சங்கிலியைத் தொடுறதுலதான் காரியம் நடக்குது. இவ்வளவு தளர்வான பிடியில முதல் போஸுக்கும் அஞ்சாவது போஸுக்கும் இருக்கிற மதிப்பெண் வித்தியாசத்தை நம்பி யாரும் ஒரு வரிகூட எழுதக் கூடாது.

இந்தத் தளர்வு படிகம் வளர்க்கிறவன் உயிரையும் எடுக்கும். கவர் ஸ்லிப்ல ரெண்டு மைக்ரோலிட்டர் துளி தொங்கும், கிணத்து விளிம்புல கிரீஸ். படிகம் நல்லா வந்ததும் சர்க்கரையைக் கரைச்சு உள்ளே விடணும். பிடி மில்லிமோலார்னா அதுக்கு மேல பல மடங்கு அடர்த்தி வேணும். விட்ட கொஞ்ச நேரத்துல மைக்ராஸ்கோப்புலயே தெரியும், கண்ணாடி மாதிரி இருந்த ஓரத்துல மயிரிழை விரிசல் விழும், அப்புறம் படிகம் முழுக்கப் பால் படர்ந்த மாதிரி மங்கும். சித்திரை வெயில்ல ஏசி ஒரு மணி நேரம் நின்னா சர்க்கரைகூட வேண்டாம், அதுவே கரைஞ்சுடும். அப்படி வளர்த்து யாரோ எடுத்து வெச்ச கட்டமைப்பு இருக்கும்போது நீ ஏம்மா மாடல் கட்டுறே?

பி[11] வி.பி.8*க்கு நிஜக் கட்டமைப்பு இருக்கு. 2015ல ஹூஸ்டன் பேலர் மருத்துவக் கல்லூரியில வெங்கடராம் பிரசாத், மேரி எஸ்டிஸ் குழு வெளியிட்டது. வேலூர் ரகம்தான், என்155னு பேர். சர்க்கரையோட சேர்ந்ததும் இருக்கு. இறக்கிக்கோ.

நைட்ஷிப்ட்_வேலூர்:

சார், கும்பிடுறேன். இவ்வளவு எழுதுவீங்கன்னு நினைக்கலை.

1ஏ3கே-ஐ மேல வெச்சுப் பார்த்தேன். டிரிப்டோஃபான் 181 இருக்கிற இடத்துல என் மாடல்ல ஒரு சந்து மாதிரி திறந்திருக்கு. நிஜப் படிகத்துல அது மூடியிருக்கு. வினா அந்தப் பொய்ச் சந்துலதான் நுழைஞ்சிருக்கு.

பென்சில் வேலையும் ஆச்சு. இப்போ புதுசா ஒரு சந்தேகம். லாக்டோ-என்-டெட்ரோஸ் டைப் 1, லாக்டோ-என்-நியோடெட்ரோஸ் டைப் 2னு எழுதியிருக்காங்க. ரெண்டுலயும் அதே கேலக்டோஸ், அதே என்-அசிட்டைல் குளுக்கோசமைன். முதல்ல 1-3 இணைப்பு, ரெண்டாவதுல 1-4. இவ்வளவுதானா வித்தியாசம்? பி[11] மாடுகள்கிட்டயும் இருக்கே, இதுக்குப் போய் மாட்டு ரகமும் மனுஷ ரகமும் பிரியுமா?

இன்னொண்ணு, நான் தப்பா முடிச்சுப் போடுறேனான்னு சொல்லுங்க. எங்க வங்கியில குளிர் ஆன்டிபாடி (குளிர்ல சிவப்பணுவைத் திரட்டுற எதிர்ப்புப் புரதம்) கேஸ் வந்தா தொப்புள்கொடி ரத்தத்தோட சிவப்பணுவைத் தனியா எடுத்து ஓட்டுவோம். பெரியவங்க செல் ஸ்லைடுல திப்பித் திப்பியா திரண்டுடும், குழந்தை செல் அப்படியே மழமழன்னு கிடக்கும். அப்போ அது பெரிய ஐங்கற சிவப்பணுச் சர்க்கரைக்கு எதிரான ஆன்டிபாடின்னு முடிவு பண்ணுவோம். குழந்தை செல்லுல இருக்கிறது சின்ன ஐ. அந்தச் சின்ன ஐ-யும் டைப் 2 சங்கிலிதான்னு எங்க புத்தகத்துல இருக்கு. இதுக்கும் என் வைரஸுக்கும் சம்பந்தம் உண்டா?

சத்துவாச்சாரி_ஃபேஸ்2:

நீ ரத்த வங்கியில இருக்கிறதுக்கு இப்பதான் பலன். இந்த முடிச்சை புராஜெக்ட்டோட முதல் அத்தியாயத்துல போடு, வெளியிலிருந்து வர்றவர் நிமிர்ந்து உட்காருவார்.

சின்ன ஐங்கறது டைப் 2 அலகு ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நேர்கோட்டுல நீளுற சங்கிலி. வயசாக ஆக ஒரு என்சைம் நடுநடுவுல கிளை வெக்கும், கிளை வந்தா பெரிய ஐ. சிவப்பணுவுல இந்த மாத்தம் பெரும்பாலும் 18 மாசத்துக்குள்ள முடிஞ்சுடும். நீ ஸ்லைடுல தினம் பார்க்கிறது இதைத்தான்.

இப்போ 2013க்கு வா. வேலூர் ககன்தீப் காங் அணியும் ஹூஸ்டன் அணியும் சேர்ந்து என்155 வி.பி.8*ஐ நூத்துக்கணக்கான சர்க்கரை பதிச்ச தட்டு மேல விட்டுப் பார்த்தாங்க. அது ஒட்டினது டைப் 2 முன்னோடிச் சங்கிலியில. பச்சிளங்குழந்தை உடம்புல கிளை விடாம கிடைக்கிற அதே ஜாதிச் சங்கிலி. இந்த ரகம் ஏன் பெரும்பாலும் பிறந்த குழந்தைகளையே பிடிக்குதுங்கறதுக்கு இது ஒரு நல்ல விளக்கம். ஒரு எச்சரிக்கை: சிவப்பணு வேற, குடல் வேற. குடல் சுவர்லயும் வளர்ச்சியோட சர்க்கரை மாறும், ஆனா 18 மாசம்ங்கற கணக்கை அப்படியே குடலுக்குத் தூக்கிட்டுப் போகாதே.

1-3, 1-4 விஷயம். காகிதத்துல ஒரு கோடு இடம் மாறின மாதிரிதான் இருக்கும். முப்பரிமாணத்துல அடுத்த வளையம் வேற பக்கம் திரும்பி நிக்கும், அசிட்டைல் குழு எங்கே நீட்டிக்கிட்டு நிக்குதுங்கறதே மாறிடும். 2015 கட்டுரையில தெளிவா இருக்கு: என்155 வி.பி.8* டைப் 1ஐயும் பிடிக்கும், டைப் 2வையும் பிடிக்கும். அதோட மாட்டு உறவினர் டைப் 2வைப் பிடிக்க முடியாதபடி இடம் அமைஞ்சிருக்கு. ரெண்டுமே பி[11], ரெண்டுக்கும் ஒரே மடிப்பு. ஓரத்துல சில அமினோ அமிலம் மாறினதுதான்.

இதுக்கு முன்னாடி 2012லயே இதே ஹூஸ்டன் குழு பி[14] ரகத்துல ஒரு வேடிக்கை காட்டினாங்க. குரங்கு ரகத்துல சியாலிக் அமிலம் உட்கார்ற அதே இடத்துல, இதுல ஏ ரத்த வகைச் சர்க்கரை போய் உட்காருது. ரத்த வங்கிக்காரிக்கு அதுவும் இனிக்கும்.

இத்தோட முடிஞ்சுதுன்னு நினைச்சுடாதே. உலகம் பூரா குழந்தைகளுக்குப் பேதி குடுக்கிற பி[8], பி[4] ரகங்கள்ல சர்க்கரை அந்தப் பள்ளத்துக்கே போறதில்லை. ஒரு ஆல்ஃபா ஹெலிக்ஸும் பீட்டா தகடும் சேர்ற மூலையில தனிப் பாக்கெட் இருக்கு, அங்கே ஒட்டுது. ஒரே டொமைனுக்கு ரெண்டு வாசல், மூணாவதா அடைச்ச வாசல். அதனாலதான் சொல்றேன், ஒரு ரகத்துல பார்த்ததை அடுத்த ரகத்துக்கு நகல் எடுக்கக் கூடாது.

திமிரி_கால்நடை:

சார் நடுவுல பூந்து பேசறேன், மன்னிச்சுக்கோங்க. நான் கால்நடை உதவியாளர், ஆற்காடு பக்கம். நீங்க மாட்டு ரகம் மாட்டு ரகம்னு சொல்லிக்கினு இருக்கீங்க. எங்க பக்கம் கன்னுக்குட்டி பொறந்த ரெண்டாவது வாரத்துல தண்ணியா, மஞ்சளும் வெள்ளையுமா கழியுது. கண்ணு குழி உழுந்து, தோலைக் கிள்ளி உட்டா அப்படியே நிக்குது. இந்த வைரஸ்தானா அது? அந்த வூட்லயே கைக்குழந்தை கீது, அதே தாழ்வாரத்துல. குழந்தைக்கு ஒட்டிக்குமா இன்னா?

சத்துவாச்சாரி_ஃபேஸ்2:

அண்ணே, நீங்க வந்தது நல்லதாப் போச்சு.

கன்னுக் கழிச்சலுக்கு ரோட்டா ஒரு காரணம். ஈ. கோலி, கொரோனா குடும்பத்து மாட்டு வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் இதெல்லாமும் பிறந்த சில வாரத்துக்குள்ள அதே மாதிரி கழியவைக்கும். கண்ணால பார்த்துப் பிரிக்க முடியாது, சாணத்தைச் சோதனைக்கு அனுப்பினாத்தான் தெரியும். எதுவா இருந்தாலும் முதல் காரியம் உப்புச் சர்க்கரைத் தண்ணி உள்ளே போகணும், அது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒட்டுமான்னு கேட்டீங்க. ஜி10பி[11] இந்தியாவுல மாடுகள்கிட்ட சாதாரணமாக் கிடைக்கிற ரகம். வேலூர் குழந்தைகள்கிட்ட கிடைச்ச ரகத்தோட வி.பி.4, வி.பி.7 ரெண்டும் மாட்டு வைரஸோடதை ஒத்திருக்கு. 2004ல அந்தக் கட்டுரை வந்தது. பெங்களூர்ல அதுக்கு முன்னாலயே ஐ321னு ஒண்ணு கண்டுபிடிச்சாங்க, அதுவும் ஜி10பி[11]தான். ஆனா அது குழந்தைகளுக்கு எந்த உபத்திரவமும் குடுக்காம இருந்தது. ரோட்டா மரபணு 11 துண்டா இருக்கும். மாட்டு வைரஸும் மனுஷ வைரஸும் ஒரே செல்லுல சந்திச்சா துண்டு மாத்திக்கும். அப்படி எப்பவோ கலந்து வந்ததுதான் இது. உங்க தொழுவத்துக் கன்னுகிட்டேயிருந்து நேரா அந்தக் குழந்தைக்குத் தாவும்னு இதை வெச்சுச் சொல்ல முடியாது. மேல சொன்ன மாதிரி மாட்டு வி.பி.8*க்கு டைப் 2 சங்கிலி பிடிபடறதில்லை, அதுவே ஒரு தடை. அதுக்காக அலட்சியமும் வேண்டாம். கன்னைக் கழுவின கையோட குழந்தையைத் தூக்காம, சோப்புப் போட்டுட்டுத் தூக்கச் சொல்லுங்க. ரோட்டா கையில மணிக்கணக்கா, தொழுவத்துல நாள்கணக்கா உயிரோட கிடக்கும்.

திமிரி_கால்நடை:

சரிங்க சார். சீம்பால் குடுங்கன்னு தலபாடா அடிச்சிக்கிறோம். கறந்து பால்கட்டி வெச்சித் தின்னுடறாங்க, கன்னுக்கு மிச்சம் மீதிதான். அப்பறம் கழிச்சல்னு வந்து நிக்கறாங்க. சாணம் அனுப்பறேன்.

ஆம்பூர்_அம்மா:

நான் அறிவியல் படிக்கலை, என் பையனுக்கு மூணு மாசம். எங்க குடும்ப குரூப்ல ஒரு மெசேஜ் வந்தது. தாய்ப்பால்ல இருக்கிற சர்க்கரை ரோட்டா வைரஸை வளர்க்குதாம், வேலூர்லயே கண்டுபிடிச்சிருக்காங்களாம். மேல நீங்க தாய்ப்பால் சர்க்கரைன்னு எழுதினதைப் பார்த்ததும் பகீர்னு ஆயிடுச்சு. நிஜமா?

சத்துவாச்சாரி_ஃபேஸ்2:

பயப்படாதீங்கம்மா. பால் குடுக்கிறதை ஒரு வேளைகூட நிறுத்தாதீங்க. அந்த மெசேஜை அனுப்பினவர் 2018ல வந்த ஒரு ஆய்வைப் பாதி படிச்சிருக்கார்.

வேலூர் குழந்தைகளையும் அவங்க அம்மாமார்களோட பாலையும் வெச்சு நடந்த ஆய்வு அது. ஜி10பி[11] தொத்தி வயித்து உபாதையும் வந்த பிறந்த குழந்தைகளோட அம்மாக்கள் பால்ல மூணு வகைச் சர்க்கரை கூடுதலா இருந்தது. அந்தச் சர்க்கரை பால்லயும் குழந்தை மலத்துலயும் இருக்கிற சில பாக்டீரியாவோட அளவோடயும் சேர்ந்தே ஏறி இறங்குச்சு. சேர்ந்து இருந்ததுன்னாங்க, பால்தான் காரணம்னு சொல்லலை. அதுவும் ஒரே ஒரு வினோத ரகத்துக்கு, பிறந்த புதுசுல.

அதே ஆய்வுல மெசேஜ்காரர் விட்டுட்ட பாதி இருக்கு. பிறந்த குழந்தைகிட்டேயிருந்து எடுத்த ரகத்துல செஞ்ச தடுப்பு மருந்து வைரஸுக்கு, சில பால் சர்க்கரைகள் செல்லுக்குள்ள நுழைய ஒத்தாசை பண்ணுது. சொட்டு மருந்துல இருக்கிறது உயிருள்ள, வலுக்குறைஞ்ச வைரஸ், அது குடல்ல கொஞ்சம் பெருகினாத்தான் எதிர்ப்பு வரும். அப்படிப் பார்த்தா இது நல்ல சேதி.

நம்ம ரோட்டாவாக்ல இருக்கிறது 116ஈங்கற ரகம், ஜி9பி[11]. டெல்லியில பிறந்த குழந்தைகள்கிட்ட கிடைச்சது. அதுக்கும் வி.பி.4 மாட்டு வழி வந்ததுதான், அதே பி[11]. டெல்லி, புனே, வேலூர் மூணு ஊர்லயும் 6,799 குழந்தைகளை வெச்சுப் பரிசோதிச்சாங்க. கடுமையான ரோட்டா பேதியை முதல் வருஷம் பாதிக்குக் கொஞ்சம் மேல தடுத்தது. 2016லேர்ந்து அரசுத் தடுப்பூசித் திட்டத்துல ரோட்டா சொட்டு மருந்து இருக்கு. 6, 10, 14 வாரத்துல குடுக்கிறது. உங்க பையன் மூணாவது டோஸ் கிட்ட இருப்பான், அட்டையைப் பாருங்க. சந்தேகம்னா கிராம செவிலியர்கிட்ட கேளுங்க, குரூப்ல கேட்காதீங்க.

ஆம்பூர்_அம்மா:

ரெண்டு டோஸ் போட்டிருக்கு. மூணாவதுக்குப் புதன்கிழமை போறோம். ரொம்ப நன்றிங்க ஐயா. அந்த குரூப்ல இதை அப்படியே போட்டுட்டேன்.

வினாவிடை_தம்பி:

ஐயா, பெட்டி விஷயத்துல ஒரு வார்த்தை. பள்ளம் தெரிஞ்ச பிறகு பெட்டியைச் சுருக்கறது தப்பில்லையே? எல்லா மருந்துக் கம்பெனியும் அப்படித்தானே பண்றாங்க.

சத்துவாச்சாரி_ஃபேஸ்2:

படிகத்துல பார்த்த இடத்துக்கு எந்த மூலக்கூறு பொருந்தும்னு தேடுறவங்க சுருக்கலாம். இடம் எதுன்னே கேள்வியா வெச்சிருக்கிற பொண்ணு சுருக்கக் கூடாது. கேள்வி வேற தம்பி.

நைட்ஷிப்ட்_வேலூர்:

சார், நிலவரம் சொல்றேன். மாடலைத் தூக்கிப் போட்டுட்டு 2015 படிகத்தை எடுத்தேன். முதல்ல அதுல இருக்கிற சர்க்கரையை வெளியே எடுத்து, அதே சர்க்கரையைத் திரும்ப டாக் பண்ணேன். வினா முழுப் பெட்டியில பள்ளத்துக்கு வந்துடுது, ஆனா கடைசி ரெண்டு வளையம் வேற பக்கம் சாயுது. வினா-கார்ப்ல படிகத்துல இருக்கிற மாதிரியே கிட்டத்தட்டப் படுக்குது, 2 ஆங்ஸ்ட்ராமுக்குள்ள. பழைய கேலக்டின் முகத்துல ஒண்ணுகூட விழலை.

கைடு படத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிச் சுழட்டினார். "சரி, பழைய ரிசல்ட்டையும் எடுத்துடாதே, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடு"ன்னார். ஒத்துக்கிட்டார்னு எடுத்துக்கிறேன்.

இப்போ நான் சிக்கி நிக்கிறது இதுல: டைப் 1, டைப் 2 ரெண்டுக்கும் மதிப்பெண் கிட்டத்தட்ட ஒண்ணாவே வருது. என்155க்கு அது சரி. ஆனா மாட்டு ரகத்துக்கும் ஒண்ணாவே வருது. அங்க டைப் 2 விழவே கூடாதே?

சத்துவாச்சாரி_ஃபேஸ்2:

திரும்ப டாக் பண்ணிப் பார்த்தே பாரு, அதுதான் உன் புராஜெக்ட்லயே உருப்படியான வரி. அட்டவணை போட்டு முன்னால வை.

மாட்டு ரகத்துக்கு மதிப்பெண்ணைப் பார்க்காதே. டைப் 2 போஸைத் திரையில பெருசாக்கி, எந்தப் பக்கச் சங்கிலி மேல அசிட்டைல் குழு இடிக்குதுன்னு தேடு. வினா லேசான இடியைச் சகிச்சுக்கும். எது எதுலேர்ந்து எத்தனை தூரம்னு அளந்து என்155ஓட ஒப்பிடு. மதிப்பெண் காட்டாததை தூரம் காட்டும்.

இன்னொண்ணு கேட்க விட்டுட்டேன். படிகத்துல இருந்த தண்ணி மூலக்கூறுகளை எடுத்துட்டியா? சர்க்கரை பிடிக்கிற புரதங்கள்ல தண்ணி நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் ஹைட்ரஜன் பிணைப்பு போடுறது சகஜம். உன்னுதுல அப்படி ஏதாவது இருக்கான்னு பாரு.

நைட்ஷிப்ட்_வேலூர்:

ஸ்கிரிப்ட் தானாவே எல்லாத் தண்ணியையும் எடுத்துடுது சார். இப்போதான் ஒரிஜினல் ஃபைலைத் திறந்து பார்த்தேன், சர்க்கரைக்கும் புரதத்துக்கும் நடுவுல நிறையவே நிக்குது. பிடி பலமா இருக்கிறதை மட்டும் விட்டுட்டு மீதியை எடுத்து ரெண்டு ரகத்துக்கும் மறுபடி ஓட்டறேன். நாளைக்கு எனக்கு ஆஃப், சாயங்காலத்துக்குள்ள தூரக் கணக்கோட இங்கேயே போடறேன்.